*#06# அழுத்துங்க... உங்க போன் எண்ணில் ஒரு கணக்கு இருக்கு!

உங்கள் போனில் *#06# என்று அழுத்திப் பாருங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். போன் தொலைந்துபோனால், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அதை முடக்க இந்த எண் தேவை. தொலைந்த பிறகு *#06# அழுத்த போன் ஏது? அதனால இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சரியாகத்தான் எழுதினோமா? அதைச் சொல்வது 15-ஆவது இலக்கம். முதல் 8 இலக்கங்கள் போனின் மாடலையும், அடுத்த 6 அந்தத் தனிப்பட்ட போனையும் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டுமே. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வங்கி கார்டு எண்களிலும் இதே கணக்குதான்.

மாதிரிக்கு 490154203237518 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்.

1. இடமிருந்து 2, 4, 6 என இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 4, 0, 2, 7, 1 ஆகியவற்றை இரண்டால் பெருக்குங்கள்: 18, 2, 8, 0, 4, 14, 2.

2. 9-ஐத் தாண்டியதில் 9-ஐக் கழியுங்கள்: 9, 2, 8, 0, 4, 5, 2. கூட்டினால் 30.

3. மீதி இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள்: 4+0+5+2+3+3+5+8 = 30.

4. மொத்தம் 60. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் தேறியது.

கோடிங் பழகுபவர்கள் இதைப் பைத்தானில் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். ஒரு லூப்பில் இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். இரட்டைப்படை இடம் என்றால் பெருக்கி, தேவைப்பட்டால் 9 கழித்துக் கூட்டுங்கள். முடிவில் ‘மொத்தம் % 10’ பூஜ்யமா என்று பாருங்கள். பைத்தான் இடங்களை 0-விலிருந்து எண்ணும். நம் 2-ஆவது இடம் அதற்கு 1. இதை மறந்தால் விடை தப்பிவிடும். கடைசி இலக்கத்தை 0 முதல் 9 வரை மாற்றி ஓட்டிப் பாருங்க. பத்தில் ஒன்றுதான் தேறும்!

ஓர் இலக்கம் மட்டும் தப்பினால் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும்; 09 என்பது 90 ஆகவோ, 90 என்பது 09 ஆகவோ மாறினால் மட்டும் தெரியாது.

ஒரு விஷயம் கவனம். கணக்கு தேறியதால் போன் நல்ல போன் என்று ஆகிவிடாது. போலி எண்ணும் தேறலாம். பழைய போன் வாங்கும் முன், ஆங்கிலத்தில் ‘கேஒய்எம்’ என டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீங்க.