பிடிஎப் பாடப்புத்தகம்: எழுத்தா, படமா?

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் பள்ளிப் புத்தகங்களை பிடிஎப் பைல்களாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. திருப்பூர் பகுதியில் இது மிகவும் உதவும். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வருகின்றன. பிள்ளைகள் ஆண்டின் நடுவில் பள்ளி மாறுகிறார்கள். புத்தகம் கைக்கு வரும் வரை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம்.

ஆனால் எல்லா பிடிஎப் பைல்களும் ஒன்றல்ல. நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு வெறும் படமாக இருக்கலாம். பார்வையற்ற மாணவருக்கு இதுதான் பெரிய தடை. என்விடிஏ என்ற இலவச சாப்ட்வேர் திரையில் உள்ள தமிழைப் படித்துக் காட்டும். ஆனால் அதற்கு உண்மையான எழுத்து வேண்டும்.

சோதிப்பது எப்படி?

1. பைலை அடோப் ரீடரில் திறந்து, ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுங்கள்.
2. கண்ட்ரோல் + சி அழுத்துங்கள்.
3. நோட்பேடைத் திறந்து கண்ட்ரோல் + வி அழுத்துங்கள்.

தமிழ் சரியாக வந்தால் அது யூனிகோட். கவலை இல்லை.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். என்விடிஏ அந்த ஆங்கிலத்தைத்தான் படிக்கும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம்.

மாற்றுவது எப்படி?

ஒரு பாடத்தின் சில பக்கங்களை மட்டும் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் உள்ள தமிழ், எழுத்தாக மாறிவிடும். அட்டவணை, கணக்குச் சூத்திரம் ஆகியவற்றில் பிழை வரும். புத்தகத்துடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகத்தை அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் மாற்ற 2012ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அனுமதி வேறு, கட்டாயம் வேறு. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளிப் புத்தகத்துடன் அதன் டிஜிட்டல் பைலையும் பதிப்பாளரிடம் கேட்டுப் பெறும் ஏற்பாடு உள்ளது. அச்சிட்டவரிடம் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது; அதை வீட்டுக்கு வீடு மறுபடி உருவாக்குவது வீண் வேலை.

தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. எனவே பள்ளியிலோ பதிப்பகத்திலோ டிஜிட்டல் புத்தகம் கேட்கும்போது, "யூனிகோட் எழுத்தில் வேண்டும்" என்று சேர்த்துக் கேளுங்கள்.