ஆயிரம் குழாய் நாட்கள்

ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த மாதம் ஒரு நோயாளிக்குக்கூட இரத்தத் தொற்று ஏற்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கு எல்லாம் செவ்வனே நடைபெறுகிறது என்று கூறிவிடலாமா?

கடுமையான நோயாளிகளுக்கு மருந்து செலுத்துவதற்காகக் கழுத்திலோ மார்பிலோ தொடையிலோ உள்ள பெரிய சிரையின் வழியே மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து வைப்பார்கள். இதனைக் கதீட்டர் என்பர். உயிர் காக்கும் இக்குழாயே சில வேளைகளில் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் புகவும் வழியாகிவிடுகிறது. வந்த நோய் தணிந்து, மருத்துவமனையில் பற்றிய தொற்றால் இறந்தவர்களும் உண்டு.

இதை எவ்வாறு அளப்பது? நோயாளிகளை மட்டும் எண்ணினால், இரண்டு நாள் குழாய் இருந்தவரும் இருபது நாள் இருந்தவரும் ஒன்றாகிவிடுவர். ஆகவே ‘குழாய் நாள்’ என்னும் அலகைக் கையாளுகிறார்கள். மூவருக்கு ஐந்து நாட்கள் வீதம் குழாய் இருந்தால் 15 குழாய் நாட்கள். 1000 குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்றுகள் என்பதே தொற்று வீதம்.

வீதம் 2.7 எனக் கொள்வோம். சிறிய பிரிவொன்றில் மாதத்திற்கு 200 குழாய் நாட்கள் எனில், எதிர்பார்க்கத்தக்க தொற்றுகள் 0.54. நிகழ்தகவுக் கணக்கின்படி, பாதிக்கும் மேற்பட்ட மாதங்களில் அங்கு விடை சுழியாகவே இருக்கும், எதையும் திருத்தாமலே! வீரியம் குறைந்த கதிரியக்கப் பொருளைக் கைகர் எண்ணியின்முன் பத்து விநாடி வைத்துவிட்டு, ‘கதிரியக்கம் இல்லை’ என்று எழுதிவரும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். நெடுநேரம் எண்ண வேண்டும். அல்லது பல எண்ணிகளை ஒருங்கே வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மருத்துவமனைகள் இரண்டாவது வழியை மேற்கொண்டன. பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் 2001-இல் ஐந்து செயல்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நடைமுறைப்படுத்தியிருந்தார். கை கழுவுதல், நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடி, மருத்துவரும் முகமூடி, அங்கி, கையுறை அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிக்கொல்லியால் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல். இவற்றுள் எதுவும் புதிதன்று. புதியது வேறு. ஒரு செயல் விடுபட்டால், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில், மருத்துவரைத் தடுத்து நிறுத்த நர்சுக்கு அதிகாரம் தரப்பட்டது. ‘ஐயா, கை கழுவவில்லையே’ என்று ஒரு நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொல்வது, என் எண்ணத்தில், அந்த ஐந்தையும்விடக் கடினமானது.

2003-இல் தொடங்கிய மிச்சிகன் திட்டத்தில் 103 பிரிவுகள் ஒரே வரையறையில் தம் எண்ணிக்கைகளை அனுப்பின. திரண்டவை ஏறத்தாழ 3,75,000 குழாய் நாட்கள்! 2006-இல் முடிவுகள் வெளியாயின. வீதங்களின் இடைநிலை 2.7-லிருந்து மூன்றே மாதங்களில் சுழியாகியிருந்தது. சராசரியோ 7.7-லிருந்து, 16 முதல் 18 மாதங்கள் கழிந்தபின் 1.4 ஆயிற்று. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? பிரிவுகளை வீத வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் அது இடைநிலை. தொற்று மிகுந்த சில பிரிவுகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. இடைநிலை சுழி என்றால் பாதிப் பிரிவுகளிலாவது தொற்றே இல்லை என்றுதான் பொருள். எங்குமே இல்லை என்பதன்று.

இந்த வீழ்ச்சி முழுவதும் பட்டியலால்தான் நேர்ந்ததா? திட்டத்தில் சேராத பிரிவுகள் மிச்சிகன் ஆய்வில் ஒப்பிடப்படவில்லை. பின்னர் இங்கிலாந்தில், 2009 முதல் 2011 வரை, இதே முறையைப் பிரிவுகள் கூட்டம் கூட்டமாக, வெவ்வேறு காலங்களில் தொடங்கின. அங்கும் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் தம் முறை வருமுன் காத்திருந்த பிரிவுகளிலும் அது குறைந்துகொண்டிருந்தது! நாடெங்கும் முன்பே பரவியிருந்த விழிப்புணர்வும் இதில் பங்கு கொண்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். காத்திருந்த பிரிவுகளும் அதே அலகில் எண்ணிவந்ததால்தான் இது தெரியவந்தது.