ஆயிலில் நனையும் பெல்ட்டும் ஓனர் சொல்லும் புகாரும்

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன் எழுதுவது)

மலர்க் குழுவினர் என்னைப் பிடித்து, "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடுப்பா, கவிதை மட்டும் நாற்பது வந்து கிடக்குது" என்றார்கள். ஆகவே நண்பர்களே, நிலாவையும் காதலையும் மற்ற பக்கங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் பேசப்போவது ஒரு ஆயில் பம்ப்பையும், அதைச் சுற்றவைக்கிற விரல் அகல பெல்ட் ஒன்றையும் பற்றி. அந்தப் பெல்ட்டால் அமெரிக்காவில் 1,39,730 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அவற்றில் பல, நம் மறைமலை நகரிலிருந்து கப்பலேறிய வண்டிகள் என்றால் நம்புவீர்களா?

வண்டியின் பெயர் ஃபோர்டு எகோஸ்போர்ட். 2013-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த குட்டி எஸ்.யூ.வி. நீளம் 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்கு மேல் போகாவிட்டால் நம் நாட்டில் வரி குறைவு. அதனால் 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ வைத்த எகோபூஸ்ட் இன்ஜினையும் அதில் கொடுத்தார்கள். சாதாரண இன்ஜின் அல்ல அது. 2012, 2013, 2014 என மூன்று வருடம் தொடர்ந்து 'உலகின் சிறந்த இன்ஜின்' விருது வாங்கியது. பிளாக்கை ஒரு ஏ4 தாளின் மேல் உட்கார வைத்துவிடலாம். 2018 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட்டும் சென்னைத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டதுதான். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. அடுத்த வருடம் அந்த லைன் நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு என்னமோ செய்யும். நமக்கு முன்னால் டிப்ளமோ முடித்த எத்தனை அண்ணன்கள் அங்கே வேலை பார்த்திருப்பார்கள்!

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஐ.சி. இன்ஜின் லேபில் லூப்ரிகேஷன் சிஸ்டம் படம் போடச் சொன்னால் எல்லோரும் என்ன போடுகிறோம்? சம்ப், ஸ்ட்ரெய்னர், பம்ப், ஃபில்டர், மெயின் ஆயில் கேலரி. அங்கிருந்து கிராங்க் பேரிங், கேம் பேரிங், டர்போ. ஐந்து மார்க். ஆனால் பம்ப் எதனால் சுற்றுகிறது என்று நம்மில் பாதிப் பேர் அம்புக்குறி கூடப் போடுவதில்லை. இங்கே சமாச்சாரமே அதில்தான் இருக்கிறது.

பழைய அம்பாசடரில் கேம் ஷாஃப்ட்டிலிருந்து பல்சக்கரம் வழியாக பம்ப் சுற்றும். மாருதி 800-ல் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையே பம்ப்பின் ரோட்டரைச் சுற்றிவிடும். இரண்டிலும் இரும்போடு இரும்பு. கிராங்க் சுற்றினால் பம்ப் சுற்றியே ஆகவேண்டும். நான் சொல்லும் 1 லிட்டர் இன்ஜினில் அப்படி இல்லை. கிராங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு பல் பெல்ட். அதை இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர். இந்த பெல்ட் வெளியே காய்ந்து கிடக்கிற பெல்ட் அல்ல. இன்ஜினுக்குள்ளேயே சூடான ஆயிலில் நனைந்துகொண்டே ஓடுவது. 'வெட் பெல்ட்' என்பார்கள்.

ரப்பரை ஆயிலில் போட்டால் ஊறிக் கெட்டுப்போகும் என்று நம் பாட்டிக்குக் கூடத் தெரியுமே, ஏன் அப்படி வைத்தார்கள்? காரணம் இருக்கிறது. செயினை விடச் சத்தம் குறைவு. உராய்வும் குறைவு என்பது கணக்கு. உராய்வு குறைந்தால் மைலேஜ் கூடும், புகை குறையும். ஐரோப்பாவில் புகைக் கணக்கு கடுமையாகிக்கொண்டே வந்த காலம் அது. ஆயிலைத் தாங்குவதற்கென்றே தயாரித்த ரப்பர், உள்ளே கண்ணாடி இழை என்று யோசித்துத்தான் செய்தார்கள். இந்தக் குடும்ப இன்ஜினின் டைமிங் பெல்ட்டுக்கு 10 வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் ஆயுள் என்று எழுதியும் கொடுத்தார்கள். லேபில் சரியான ஆயில், சரியான சூடு, சரியான நேரத்தில் மாற்றல் என்றால் கணக்கு சரிதான். ரோடு லேப் இல்லையே!

தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்துகிறவர் இருக்கிறார். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் அப்படி ஓட்டினால், எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். அந்தப் பெட்ரோல் ரப்பருக்கு ஆகாது. போதாக்குறைக்கு, கம்பெனி சொன்ன ஆயிலை விட்டுவிட்டு, டப்பாவில் கிடந்த ஏதோ ஆயிலை ஊற்றுகிற கடைகள். பெல்ட் மெதுவாக உப்பும், வெடிக்கும், பல் உதிரும். உதிர்ந்த துணுக்கு எங்கே போகும்? சம்ப்புக்குத்தான். அங்கிருந்து நேராக ஸ்ட்ரெய்னர் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஆக, பெல்ட் அறுந்தால்தான் ஆபத்து என்பதில்லை. உதிர ஆரம்பித்தாலே ஆயிலுக்கு வழி குறுகிவிடும்.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ரீகால் அறிவிப்பு சொன்னது இதுதான்: ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் கை முறிந்து கழன்றுவிடலாம், அல்லது பெல்ட்டே கெட்டுப் பல் இழக்கலாம். எப்படியானாலும் ஆயில் பிரஷர் போய்விடும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குக் கிடைக்கும் வாக்குவம் உதவியும் போய்விடும். 2018 முதல் 2022 வரையிலான 1 லிட்டர் எகோஸ்போர்ட்டும், 2016 முதல் 2018 வரையிலான 1 லிட்டர் ஃபோகஸும் இதில் அடக்கம். 2022 மாடல் என்றால் அப்போது அதற்கு ஒரு வயதோ இரண்டு வயதோதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ஃபோகஸ் எங்கே தயாரானது? அமெரிக்காவிலேயே, மிச்சிகன் மாநிலத்தில். எகோஸ்போர்ட் மறைமலை நகரில். இரண்டு நாடு, இரண்டு லைன், ஆனால் ஒரே கோளாறு. அப்படியானால் கோளாறு வண்டியைப் பூட்டிய கையில் இல்லை. பாகத்திலும் அதன் டிசைனிலும் இருக்கிறது என்று எந்த முதலாண்டுப் பையனும் சொல்லிவிடுவானே. "இந்தியாவில் செஞ்ச வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பேசுகிறவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

இப்போது ஓனர்கள் புகாருக்கு வருகிறேன். இந்த மாதிரிப் புகார்களில் ஒரு ஒற்றுமை இருக்கும். நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஆயில் பிரஷர் விளக்கு, கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றுவிட்டது, அதற்கு முன் ஒரு அறிகுறியும் இல்லை, சர்வீஸ் எல்லாம் கரெக்டாகச் செய்திருக்கிறேன் என்பார்கள். வொர்க்ஷாப்பில் இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? "எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. ஆயிலே பார்த்திருக்க மாட்டார்." அதுதான் தப்பு. அவர் சொல்வதை ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி வரி வரியாகப் படியுங்கள்.

'முன் அறிகுறி இல்லை' என்கிறார். ஆமாம், இருக்காது. சிவப்பு ஆயில் விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை; பிரஷரைக் காட்டுகிறது. அதன் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கும் கீழே இறங்கினால்தான் விளக்கைப் போடும். ஓட்டத்தில் மூன்று, நான்கு கிலோ இருக்கவேண்டிய இடம் அது! நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் வரை டாஷ்போர்டு வாயைத் திறக்காது. விளக்கு எரியும்போது நாடி அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

'கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது' என்கிறார். கணக்குப் போடுங்கள். 2,500 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 40 சுற்றுக்கு மேல். இந்தச் சின்ன டர்போவோ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும். ஆயில் படலம் இல்லாமல் எத்தனை விநாடி தாங்கும்? லாரிகளுக்கு நடுவில் போகிறவர் ஓரம் ஒதுங்க இடம் தேடுவதற்குள் பேரிங் போய்விடும். அதோடு பிரேக் பெடலும் இரண்டொரு மிதிக்குப் பிறகு கல் மாதிரி ஆகிவிடும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த மனுஷன் எப்படியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். புகாரில் கோபமாக எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்?

'சர்வீஸ் செய்திருக்கிறேன்' என்கிறார். பில்லைக் கேளுங்கள். தேதி, கிலோமீட்டர் மட்டும் பார்க்காமல், எந்த கிரேடு ஆயில் என்று பாருங்கள். இந்த இன்ஜினுக்கு ஐரோப்பாவில் சொன்னது 5டபிள்யூ-20, அதிலும் ஃபோர்டின் தனி ஸ்பெசிஃபிகேஷன் உள்ளது. பில்லில் '20டபிள்யூ-40' என்று இருந்தால் கதை வேறு. சரியான ஆயிலே இருந்தால், ஓனர் பக்கம் நியாயம் கூடிவிட்டது.

இன்-பிளான்ட் டிரெய்னிங் போன கேரேஜில் (ஊரும் பேரும் வேண்டாம், வண்டியும் நான் இதுவரை சொன்ன கம்பெனி இல்லை) இப்படி ஒரு இன்ஜின் பிடித்துக்கொண்ட வண்டி டோ ஆகி வந்தது. ஓனர் ரிட்டயர்டு வாத்தியார். பில்களை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதற்கு முன் வண்டியைப் பார்த்த இடத்தில் ஜாப் கார்டில் ஒரே வரி: 'ஆயில் குறைவாக ஓட்டியதால் பழுது.' அவ்வளவுதான், வாரண்டி கிளெய்ம் காலி. எங்கள் ஃபோர்மேன் அண்ணன் டிப்ஸ்டிக்கை இழுத்தார். ஆயில் மேல் கோடு வரை இருந்தது. சம்ப்பைக் கழற்றினோம். ஸ்ட்ரெய்னர் முழுக்கக் கறுப்பாக, எள்ளுப் பிண்ணாக்கு அப்பினாற்போல. அண்ணன் அதை ஒரு வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டி, "சார், இது ஆயில் இல்ல, ரப்பர். உங்க மேல தப்பு இல்ல" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்த முதல் ஜாப் கார்டை எழுதியவர் சம்ப்பைக் கழற்ற ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் போதும். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஃபோர்டை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரான்ஸில் பியூஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினிலும் இதே வெட் பெல்ட், இதே ரப்பர்த் துணுக்கு, இதே அடைப்பு. பியூஜோ 2008 என்ற குட்டி எஸ்.யூ.வி.யிலும் இருந்தது இதுதான். இந்த இன்ஜினும் தன் பிரிவில் விருது வாங்கியதே, அதை என்ன சொல்ல! அங்கே மெக்கானிக்குகளுக்கு ஒரு கேஜ் கொடுத்தார்கள். ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் பெல்ட்டின் அகலத்தை அளக்கலாம்; ஊறி உப்பியிருந்தால் கேஜ் உட்காராது. எவ்வளவு சுலபமான வழி! ஓனர்கள் விடாமல் சத்தம் போட்டதில், 2024-ல் கம்பெனி 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை வாரண்டியை நீட்டியது. பிறகு வந்த ஹைபிரிட் வகைக்கு பெல்ட்டை எடுத்துவிட்டு செயின் போட்டார்கள். ஆரம்பத்தில் தனித்தனியாகத் திட்டு வாங்கி வீட்டுக்குப் போன ஓனர்கள்தான், புகார்கள் ஒன்று சேர்ந்ததும் ஒரு டிசைனையே மாற்ற வைத்தார்கள்.

அமெரிக்காவில் வண்டிக்காரர் யார் வேண்டுமானாலும் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதலாம். ஒரே மாதிரிப் புகார் சேர்ந்தால் விசாரணை வைப்பார்கள். நம் நாட்டில் வெகுகாலம் இதற்குச் சட்டமே கிடையாது. கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்தால் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 7 வயதுக்குட்பட்ட வண்டியின் ஓனர் புகார் பதியலாம். விற்ற வண்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி இத்தனை புகார் சேர்ந்தால் விசாரணை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அரசு உத்தரவிட்டு ரீகால் நடந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால் வாத்தியார் மாதிரி ஒருவர் என்ன எழுதிப் பதிவார்? 'இன்ஜின் போச்சு' என்றுதான். பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் ஒரே கோளாறு என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் தம்பி தங்கைகளே, நாளை சர்வீஸ் அட்வைசராகவோ மெக்கானிக்காகவோ நிற்கப்போகும் உங்கள் கை எழுதும் ஜாப் கார்டு வேலை செய்கிறது. 'இன்ஜின் சீஸ்' என்று நிறுத்தாதீர்கள். டிப்ஸ்டிக் அளவு, ஆயிலில் பெட்ரோல் வாடை உண்டா, சுவிட்ச் கழற்றிய இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்த பிரஷர், ஸ்ட்ரெய்னரில் கண்டது, பெல்ட்டில் எத்தனை பல் இல்லை, டென்ஷனர் இருக்கிறதா முறிந்ததா எல்லாம் எழுதுங்கள். விளக்கு முதலில் எரிந்ததா, சத்தம் முதலில் வந்ததா என்று ஓனரைக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே அதையும் எழுதுங்கள். இன்ஜின் பிடித்திருந்தால் கேஜ் மாட்டி ஒன்றும் தெரியாது. நேராகச் சம்ப்புக்கே போங்கள்.

மறைமலை நகருக்கும் ஒரு வார்த்தை. அங்கே புதிய இன்ஜின்கள் தயாரிக்க ஃபோர்டு 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2029-ல் தொடங்குவதாகத் திட்டம். நம்மில் சிலர் அந்த கேட்டுக்குள் போகக்கூடும். இன்டர்வியூவில் லூப்ரிகேஷன் படம் போடச் சொன்னால், பம்ப்பை எது சுற்றுகிறது என்று அம்புக்குறியோடு போட்டுக் காட்டுங்கள்.

கழற்றிய பெல்ட்டையும் ஸ்ட்ரெய்னரையும் ஸ்கிராப் டிரம்மில் போட்டுவிடாதீர்கள். அது ஓனருடைய பொருள். போட்டோ எடுத்து, பாலிதீன் கவரில் கட்டி, ஜாப் கார்டு நகலோடு அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.