'என்றும்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஆல்வேஸ்' என்பது நிலைபேற்றைக் குறிக்கும் வினையடை. 'வழி முழுவதும்' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து அது பிறந்தது. அதனைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் 'எப்போதும்' என எழுதிக் கடந்துவிடுகின்றனர். தமிழோ நிலைபேற்றைப் பலவகையாகப் பகுத்துக் காண்கிறது. அப்பகுப்பைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் தெளிவாகக் காணலாம்.

முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அங்கு விளக்கெரிக்கக் கால்நடைகள் கொடையாக அளிக்கப்பட்டன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர்.

இத்தகைய கொடைகளில் மூவகை நிலைபேறு உண்டு. விளக்கு இடைவிடாமல் எரிவது. ஆதலின் அது 'நந்தா விளக்கு'. நெய் நாள்தோறும் அளக்கப்படுவது. இதனைக் கல்வெட்டுகள் 'நிசதம்' என்னும். கொடை என்றும் நிலைப்பது. அதற்குரிய சொல் 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை. மூன்றையும் 'எப்போதும்' என்றே எழுதினால் பொருள் மங்கிவிடும்.

கொடையாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா? ஒவ்வோர் ஆடும் மூப்படையும், சாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பின. நந்தா, சாவா, மூவா ஆகியன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள்.

'எப்போதும்', 'எந்நாளும்' என்பவற்றின் அமைப்பும் நோக்கத்தக்கது. வினாப்பொருள் தரும் எகரம், காலப்பெயர், முற்றும்மை ஆகிய மூன்றும் இவற்றில் உள்ளன. உம்மையை நீக்கினால் 'எப்போது' என்னும் வினாவே எஞ்சும்.

விதிவிலக்கு உள்ள இடத்தில் 'எப்போதும்' பொருந்தாது. மேட்டூர் அணை குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதுண்டு. ஆகவே அங்கு 'வழக்கமாக' என்பதே தகும்.

எதிர்மறை வினையோடு சேரும்போது கூடுதல் கவனம் தேவை. முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் தரும் என்பது நன்னூல் கருத்து. 'கடைமடை வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் வராது' என்னும் தொடரைக் காண்க. எக்காலத்தும் வராது என்பது ஒரு பொருள். எல்லாக் காலத்தும் வராது, சில காலம் வரும் என்பது மற்றொரு பொருள். முதற்பொருளைக் கொண்டவர் வயலைத் தரிசாக விடுவார். இரண்டாம் பொருளைக் கொண்டவர் நாற்றங்கால் அமைப்பார். பேச்சில் குரலின் அழுத்தம் பொருளை உணர்த்திவிடும். எழுத்தில் அவ்வுதவி இல்லை. எனவே முதற்பொருளுக்கு 'ஒருபோதும் வராது' என்றும், இரண்டாம் பொருளுக்கு 'முறை வைத்தே வரும்' என்றும் எழுதுதல் வேண்டும்.