சாய்த்து வைக்கும் பாட்டரி

நூல் மூட்டையோ காய்கறிக் கூடையோ ஏற்றுவதற்காக மோட்டார் சைக்கிளில் பக்கச் சட்டம் அமைக்கும் அங்கத்தினர்கள், இடம் போதாமையால் பாட்டரியைச் சாய்த்துப் பொருத்த எண்ணுவது உண்டு. அது தகுமா என்பது பாட்டரியின் வகையைப் பொறுத்தது.

மேலே வரிசையாக மூடிகளும் பக்கத்தில் சிறு ரப்பர்க் குழாயும் உடையது திராவக பாட்டரி. நீர் கலந்த கந்தகத் திராவகம் இதனுள் தளும்பிக்கொண்டிருக்கும். இதனை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். சாய்த்தால் ஒருபுறம் திராவகம் குழாய் வழியே கசியும். மறுபுறம் ஈயத் தகடுகள் திராவகத்துக்கு மேலே நின்று கெடும். கசிந்த துளி பருத்தி நூலில் பட்டால் அப்பொழுது ஒன்றும் தெரியாது. உலர உலரத் திராவகம் செறிந்து இழையை அரிக்கும். தறியில் ஏற்றிய பின்னரே பாவு அறும். இதைவிட மூட்டையை நாலு விரற்கடை தள்ளிக் கட்டுவது மலிவு.

மற்றொரு வகையில், தகடுகளுக்கு இடையேயுள்ள கண்ணாடி இழைப் பஞ்சு திராவகம் முழுவதையும் உறிஞ்சி வைத்திருக்கும். தயாரிப்பாளர் குறிப்பு இடந்தந்தால் இதனைச் சாய்க்கலாம், படுக்கவும் வைக்கலாம். தலைகீழாக வைத்தல் ஆகாது. மின்னேற்றம் மிகுந்தால் வால்வு வழியே வெளியேறும் வாயு திராவகத்தையும் உடன்கொணரும். புதிதாகத் திராவகம் ஊற்றும் பாட்டரியாயின், முதல் மின்னேற்றம் முடியும்வரை நிமிர்ந்தே இருக்கட்டும். ‘பராமரிப்புத் தேவையில்லை’ என்னும் எழுத்தை மட்டும் நம்பற்க. அவற்றுள்ளும் திராவகம் தளும்பும் வகை உண்டு.

பொருத்துங்கால் எதிர்மின் கம்பியை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுக. சாய்வினால் நேர்மின் முனை இரும்புச் சட்டத்தை நெருங்குமாதலின் அதற்கு ரப்பர் உறை இடுக. அடியில் ரப்பர்த் தகடும் மேலே வார்ப்பட்டையும் வேண்டும். கையால் அசைத்தால் அசைதல் கூடாது. திராவகம் சிந்திய இரும்பில் ஆப்பச் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் நீர்விட்டுக் கழுவுக.