உடலைப் பழக்கும் தொழில்: முதலீடு எது?

சம்மாந்துறை வயல் சூழ்ந்த ஊர். ஒரு தலைமுறைக்கு முன்னர் வேளாண்மை வெட்டு, சூடடிப்பு, மூட்டை தூக்குதல் ஆகிய வேலைகளே இங்குள்ள மக்களின் உடலைப் பழக்கின. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போகிறோம். சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகி வருகிறது. ஆகவே உடற்பயிற்சி நிலையம், அதாவது ‘ஜிம்’, நகரத்து ஆடம்பரம் என்ற நிலை மாறி, கிராமத்தின் தேவையாகிவிட்டது.

இதனைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் பலர் முதலில் கேட்பது, “எந்த இயந்திரம் வாங்கலாம்?” என்பதே. அதற்காக உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. சில வேளைகளில் வயற்காணியும் ஈடு வைக்கப்படுகிறது. இத்தொழிலின் முதலீடு உண்மையில் எது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. முன்னோடிகள் இருவர்

தென்னிந்தியாவில் இத்தொழிலுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த கே. வி. ஐயர். அவர் ‘ஹெர்குலிஸ்’ என்ற உடற்பயிற்சி நிலையத்தை நடத்தினார். எடை தூக்கும் பயிற்சியோடு யோகாசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்துக் கற்பித்தார். 1930இல் உடற்கட்டுப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தூரத்து மாணவர்களுக்குத் தபால் மூலமும் பாடம் நடத்தினார். தபாலில் இரும்பை அனுப்ப முடியாது; அறிவை அனுப்ப முடியும். அவர் விற்ற பொருள் எது என்பது இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்காவில் ஜாக் லலேன் என்பவர் 1936இல் ஓக்லாந்து நகரில் தமது நிலையத்தைத் திறந்தார். எடை தூக்குவது உடலுக்குக் கேடு என வைத்தியர்கள் பலரும் கருதிய காலம் அது. அவர் பெண்களுக்கும் முதியோருக்கும் கூடப் பயிற்சி அளித்தார். 1951 முதல் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டிலுள்ள கதிரையையும் துவாயையும் கொண்டே பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

2. ஒரு கணக்கு

ஓர் உதாரணம். ஒரு ஜிம்மில் 40 பேர் மாதம் 2,500 ரூபா வீதம் கட்டணம் செலுத்தினால் வருமானம் 100,000 ரூபா. செலவுகள்: வாடகை 25,000, மின்சாரமும் தண்ணீரும் 15,000, திருத்த வேலை 10,000, உதவியாளர் சம்பளம் 25,000, மொத்தம் 75,000. மிஞ்சுவது 25,000 ரூபா. கடன் தவணை மாதம் 40,000 ஆனால், ஆள் நிறைந்த ஜிம்மே 15,000 ரூபா நட்டத்தில் ஓடும். நோன்பு மாதத்தில் பாதிப்பேர் வராவிட்டால், தவணை இல்லாமலே 25,000 ரூபா துண்டு விழும்.

இன்னொரு வழியைப் பார்ப்போம். ஒரு பயிற்றுநர் ஐந்து பேரைத் தனித்தனியாக, அவர்களுடைய வயதுக்கும் நோய்க்கும் ஏற்பப் பழக்குகிறார். ஒருவரிடம் மாதம் 8,000 ரூபா பெற்றால் வருமானம் 40,000. இதற்கு வேண்டியவை ஒரு பாய், சில டம்பெல், ஒரு குறிப்புக் கொப்பி ஆகியவையே. முதலில் ஆட்கள், அதன் பின் இடம், கடைசியில் இயந்திரம் என்பதே கடனில் விழாத ஒழுங்காகும்.

3. யாருக்குப் பழக்குவது?

கட்டுமஸ்தான இளைஞர் மட்டுமே வரும் ஜிம் விரைவில் வெறுமையாகும். அவர்கள் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள். உள்ளூரில் நிலைத்திருப்போர் கடைக்காரரும் ஆசிரியரும் குடும்பப் பெண்களுமே. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பும், குறைந்தது இரு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். இது பெண்களுக்கும் முதியோருக்கும் பொருந்தும். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் ஏற்பாடு செய்தால் ஊரின் மற்றப் பாதிக்கும் வழி திறக்கும். ஒரு பெண்ணுக்கும் தொழில் கிடைக்கும். நோன்பு காலத்தில் நேரத்தைத் தராவீஹ் தொழுகைக்குப் பின் மாற்றலாம்.

4. பயிற்றுநரின் எல்லை

பயிற்றுநர் வைத்தியர் அல்லர். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் கண்டவுடன் பயிற்சியை நிறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். விரைவில் தசை வளர்க்கும் ஊசிகளும் குளிசைகளும் இதயத்தையும் ஈரலையும் கெடுக்கலாம். பிள்ளைப் பேற்றையும் பாதிக்கலாம். விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிராக இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. ஊசி விற்றுப் பெறும் இலாபம் ஒருவரின் பிள்ளையை விற்றுப் பெறும் இலாபமாகும்.

பயிற்சி நெறியில் சேருமுன், அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என விசாரிப்பது நல்லது. நகையை அடகு வைக்கத்தான் வேண்டுமென்றால், அது இரும்புக்காக அன்றிப் படிப்புக்காக இருக்கட்டும்.

கிறிஸ்தவர் உடலை ஆலயம் என மதிக்கின்றனர். முஸ்லிம் சகோதரர் அதனை அமானிதம் என்கின்றனர். பிறருடைய உடல் நம் கையில் ஒப்படைக்கப்படும் தொழில் இது. அந்த நம்பிக்கையே இதன் முதலீடு.

குழுவில் கலந்துரையாட:

அ. நமது ஊரில் உடற்பயிற்சி மிகவும் தேவைப்படுவோர் யார்? அவர்கள் ஜிம்முக்கு வராதிருக்கக் காரணம் என்ன?

ஆ. இயந்திரம் எதுவும் வாங்காமல் முதல் ஐந்து பேரை எவ்வாறு சேர்க்கலாம்?

இ. நோன்பு மாதம், வெட்டுக் காலம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு வருட வரவு செலவுக் கணக்கைத் தயாரிக்கவும்.