தாழ்ந்த அடித்தளமும் விரியும் பிசினும்

நமது தருமபுரி மாவட்டத்தில் செம்மண் மிகுதியெனினும் கருமண்ணும் இடையிடையே உண்டு. அண்மையில் ஊராட்சித் தலைவர் ஒருவர், பள்ளிக் கட்டடத்தின் மூலை தாழ்ந்துவிட்டதென்றும், மண்ணுக்குள் பிசின் செலுத்தி உயர்த்தித் தருவதாக ஒருவர் கூறுகிறாரென்றும், அதற்குப் பணம் ஒதுக்கலாமா என்றும் நம்மிடம் கேட்டார். அவருக்கு அளித்த விடையைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

இது பாலியூரித்தேன் என்னும் வகை. இரண்டு திரவங்களைக் கலந்து சிறு குழாய் வழியே மண்ணுக்குள் செலுத்துவார்கள். சில விநாடிகளில் அது சூடேறி நுரைத்துப் பருக்கும்; சில நிமிடங்களில் இறுகும். தடையின்றி விரிந்தால் பன்மடங்கு பருத்து இலேசான நுரையாகிவிடும். மேலே பாரம் அழுத்தினாலோ குறைவாகவே விரியும், அடர்த்தி கூடும், அடர்த்தி கூடக்கூட வலிமையும் கூடும். களிமண்ணில் அது ஊறிச் செல்வதில்லை. மண்ணைப் பிளந்து தகடு தகடாகப் பரவும். நெகிழ்ந்த இடத்தையே முதலில் நாடும். ஆகையால் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் கவனித்துச் செலுத்த வேண்டும். அளவு மீறித் தூக்கிய தளத்தை மீண்டும் இறக்குதல் எளிதன்று.

மண் அரித்துப் போனதாலோ, கொட்டிய மண் சரியாகக் கெட்டிக்கப்படாததாலோ தளம் தாழ்ந்திருந்தால் பிசின் உதவும். கருமண்ணின் கதை வேறு. அது மழையில் பருத்துக் கோடையில் சுருங்கும். அக்களியின் இயல்பைப் பிசின் மாற்றாது. கோடையில் மூலையை உயர்த்தினால், அடுத்த மழையில் மண்ணும் சேர்ந்து தூக்கக்கூடும். விரிசல் வேறிடத்தில் தோன்றும்.

எனவே முதலில் மண்ணைச் சோதியுங்கள். சல்லடையில் நுண்ணிதாகச் சலித்த உலர்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் பருக்காது. அதில் 10 மில்லியும் நீரில் 17 மில்லியும் நின்றால் பருமன் 70 சதவீதம் கூடியதாகும். இது 50 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும். புதுக் கட்டடமாயின், ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கருமண்ணுக்கென வகுத்த, அடி அகன்ற குத்துத்தூண்களை ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் ஊன்றலாம்.

நாமும் ஒருமுறை பிழை செய்தோம். சத்துணவுக் கூடமொன்றின் விரிசலை இருமுறை சிமெண்டால் அடைத்தோம். மூன்றாம் முறையும் பிளந்தது. கூரைநீர் முழுவதும் அம்மூலையிலேயே விழுவதைப் பிறகுதான் கண்டோம்!

தலைவரின் பள்ளியிலும் கூரைநீர்க் குழாய் உடைந்தே கிடந்தது. பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றி, மண் சோதனைக்கு எழுதியிருக்கிறோம். குழாய்க்கும் வடிகாலுக்கும் மட்டுமே இப்போது தீர்மானம் நிறைவேறியிருக்கிறது.